சட்டையுமா நடிக்குது?

ஆறிப்போன டீயை ரம் என்று பிறர் நம்ப வேண்டுமானால் முகத்தை எவ்வளவு சுளிக்க வேண்டும்? அன்றைக்கு மாரீஸ்வரனுக்கு வந்த சிக்கல் இதுதான். உண்மையான ரம்மைக் குடித்த காலத்தில் முகம் தானாகச் சுளித்தது, அதற்கென்று அவன் மெனக்கெட்டதில்லை. இப்போது பாரின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டு, ரசம் போன கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்க்க வேண்டியதாகிவிட்டது.

"அண்ணாச்சி, அவ்வளவு சுளிக்காதிய. வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு" என்றான் வெயிட்டர் கண்ணா.

"இப்போ?"

"இப்போ பல்வலி மாதிரி இருக்கு."

"இப்போ?"

"ஆங், இது சரி. இதை அப்படியே வச்சுக்கிடுங்க."

கண்ணா அந்த பாரிலேயே தலை நரைத்தவன். வருசக்கணக்கில் சரக்கு பரிமாறியும் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை என்று பெயர் வாங்கியவன். நெற்றியில் பட்டையாக விபூதி, கையில் டிரே, அதில் நாலு கிளாஸ் என்று அவன் நடந்து வருவதைப் பார்த்தால் கோயில் பிரசாதம் வருகிற மாதிரியே இருக்கும்.

"இது நமக்குள்ள இருக்கணும் கண்ணா. நான் ரம்முன்னுதான் ஆர்டர் சொல்லுவேன். நீ டீயைக் கொண்டாரணும். என் கூட்டாளியளுக்குத் தெரிஞ்சா என் மானம் கப்பலேறிரும்."

"கல்லாவுல ஷெட்டி உக்காந்திருக்காரே அண்ணாச்சி. ரம்முன்னா ரம்முக்குத்தான் பில்லு. கவுண்டர்ல ரம்மை ஊத்தியே குடுத்துருவாங்க."

"பில்லு ரம்முக்கே போடு. அந்த ரம்மை என்ன செய்யணும்னு நீயே பாத்துக்கோ."

கண்ணா என்னவோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "சரி, இதையும் பாத்துக்கிடுதேன்" என்று டிரேயை எடுத்துக்கொண்டு போனான்.

குடிப்பதை மறைக்கிற ஆளைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. குடிக்காமல் இருப்பதை மறைக்கிற நிலைமை மாரீஸ்வரனுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மும்பை தாராவியில் அவனுக்குச் சின்னதாக ஒரு பை கார்கானா, அதாவது தையல் பட்டறை, இருந்தது. லேப்டாப் பை, ஆபீஸ் பை, பள்ளிக்கூடப் பை, எதைக் கேட்டாலும் வெட்டித் தைத்துக் கொடுப்பான். நல்ல கை. சாயங்காலம் ஆனால் அந்தக் கை கிளாஸைத் தேடும். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது, கல்யாணில் அவன் பெண்டாட்டி கீதாவின் அக்கா புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள் வரைக்கும்.

அன்றைக்கு அவன் லேசாகப் போட்டுக்கொண்டுதான் போனான். லேசாக என்பது அவனுடைய அளவு. புதுவீட்டு வாசலில் போட்டிருந்த பெரிய கோலம் அவனுக்கு விரித்து வைத்த ஜமக்காளமாகத் தெரிந்திருக்கிறது. படுத்துவிட்டான். வந்த விருந்தாளிகள் அத்தனை பேரும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். எழுப்பி உட்கார வைத்தபோது கோலம் வாசலில் இல்லை, அவன் முதுகில் இருந்தது.

கீதா சாதாரணமாக ஒரு வடை கருகினாலே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள். அன்றைக்கு ரயிலில் கல்யாணிலிருந்து சயான் வரைக்கும் வாயையே திறக்கவில்லை. இறங்கும்போது ஒரே ஒரு பேச்சு.

"இன்னொரு வாட்டி உங்ககிட்ட அந்த வாசனை வந்துச்சுன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிருவேன். கூப்பிட வராதிய."

கத்தியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான். அவள் கத்தவில்லையே. பெண்டாட்டி இல்லாத அந்த ஒற்றை அறையை நினைத்துப் பார்த்தான். நினைக்கவே முடியவில்லை.

யார் துணையும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தான். ஒரு பைக்குக் கைப்பிடியை அடிப்பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டான். சயானில் ஒரு டாக்டரிடம் போனான். அவர் மாத்திரையோடு ஒரு போன் நம்பரையும் கொடுத்தார்.

"குடியை விடறவங்க கூடிப் பேசற கூட்டம். காசு கிடையாது. பேர் மட்டும் சொன்னா போதும். ஊர், வேலை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போய்ப் பாருங்க."

கார்கானா மாடியில், லைனிங் துணிக் கட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு அந்த நம்பரை அடித்தான்.

"எங்கேர்ந்து பேசறீங்க?" என்றது நிதானமான ஒரு குரல்.

"தாராவி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தாராவியிலேயே தமிழ்க் கூட்டம் நடக்குது. உங்களுக்குப் பக்கத்துல..."

"ஐயையோ! தாராவி வேண்டாம் சார்."

"ஏன்?"

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியுமே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தாராவியிலேர்ந்து போன் பண்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அங்க வாரா வாரம் தவறாம உக்காந்திருக்கறது காலி நாற்காலி மட்டும்தான். சரி, உங்களுக்கு எங்க வேணும்?"

"எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தனும் எட்டிப் பாக்காத இடமா..."

"மாட்டுங்கா?"

"அது சரி" என்றான் மாரீஸ்வரன். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் அவனைத் தெரிந்தவன் எவனும் மாட்டுங்கா பக்கம் காபி குடிக்கக்கூடப் போவதில்லை.

இதில் இவ்வளவு கூச்சப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர் அந்தச் சந்தில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம். அங்கே குடிப்பது ஒரு சேதியே அல்ல. நிறுத்துவதுதான் சேதி. ரெண்டு வீடு தள்ளி வேலாயுதம் என்று ஒருவன் குடியை விட்டான். விட்ட கையோடு ஒரு கல்யாண வீட்டில் வெள்ளந்தியாக, "எனக்குப் பால் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டான். அன்றையிலிருந்து அவன் பெயர் பால் பாக்கெட். அவனுடைய அம்மாவே அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் புரியாது. அந்தப் பெயரை வைத்தவன் மாரீஸ்வரனின் கூட்டாளி ராஜபாண்டி. அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த முதல் ஆள் மாரீஸ்வரன்.

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் கூட்டம். படியேறும்போதே காபி வாசனை வந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் சந்தனக் கீற்றுமாக ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?"

இவர்தான் புத்தி சொல்ல வந்த டாக்டர் போலிருக்கிறது என்று நினைத்தான் மாரீஸ்வரன். அந்தப் பெரியவர் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று, ரேஷன் கடையில் முகவரி சொல்கிற குரலில் சொன்னார்.

"என் பேர் திருவேங்கடம். நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம், திருவேங்கடம்!" என்று அறையே சேர்ந்து சொன்னது. மாரீஸ்வரன் கையிலிருந்த காபி தளும்பிவிட்டது.

ஆபீஸுக்கு மோர் பாட்டிலில் ஜின்னை ஊற்றிக்கொண்டு போன கதையை அவர் சொன்னார். "ஆபீஸ் முழுக்க என்னை மோர்ப் பைத்தியம்னு நினைச்சுண்டிருந்தா. ஒருநாள் மேனேஜருக்கு விக்கல். அவர் பாட்டிலை எடுத்து மடக்குன்னு குடிச்சுட்டார்." சிரிப்பு. "அப்புறம் தினமும் பதினோரு மணிக்கு அவருக்கு விக்கல் வர ஆரம்பிச்சுடுத்து." பெரிய சிரிப்பு.

மாரீஸ்வரனின் முறை வந்தது. எழுந்தான். பெயரைச் சொன்னான். அறையே வணக்கம் சொன்னது. கோலத்தில் படுத்த கதையைச் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. நிசமாகவே சந்தோசமாக இருந்தது.

"ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்கோ" என்றார் திருவேங்கடம் படியிறங்கும்போது. "இன்னிக்கு மட்டும் குடிக்கலை, அவ்ளோதான். நாளைக்குக் கதையை நாளைக்குப் பாத்துக்கலாம். ரெண்டாவது, பழைய இடத்துல போய் உக்காரப்படாது."

முதலாவது அவனுக்குப் பிடித்தது. கீதாவிடம் வந்து சொன்னான். அவள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். "சந்துல யாருகிட்டயும் சொல்லிராத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ரெண்டாவதில்தான் இடித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அந்த பாரில், ஃபேனுக்குக் கீழே உள்ள மேஜை அவர்களுடையது. ஜிப்பும் லைனிங்கும் சப்ளை பண்ணுகிற பூலோகம் அண்ணன், டெம்போ ஓட்டுகிற ராஜபாண்டி, பைகளில் கம்பெனிப் பெயர் அச்சடிக்கிற தமிழ்செல்வன், மாரீஸ்வரன். அந்த வாரத்து ஆர்டர்களைப் பிரிப்பது அங்கேதான். ஒரு சனிக்கிழமை வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் தெரிந்தால் பால் பாக்கெட் நம்பர் டூ.

ஆகவேதான் ஆறிப்போன டீ.

முதல் சனிக்கிழமை டீ உள்ளே போனது, முகம் ஒத்திகைப்படி சுளித்தது. பூலோகம் அண்ணன் எப்போதும்போல் ஓட்கா, தமிழ்செல்வன் விஸ்கி, ராஜபாண்டி ரம். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அப்புறம் ஒரு கஷ்டம் வந்தது. குடித்தவன் உளற வேண்டுமே! குடித்த காலத்தில் என்ன உளறினோம் என்று குடித்தவனுக்கு எப்படித் தெரியும்? நல்லவேளையாகப் பக்கத்தில் ராஜபாண்டி இருந்தான். அவன் நாக்குக் குழறினால் இவனும் குழறினான். இவன் குழறியதைப் பார்த்து ராஜபாண்டி இன்னும் ஒரு படி கூடக் குழறினான். உடனே தமிழ்செல்வன் மேஜையைத் தட்டி இந்தியில் யாரையோ திட்டினான். பூலோகம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாரீஸ்வரன் தோளில் சாய்ந்தார்.

"மாரி, இன்னிக்கு மட்டும்தான்டே நம்ம கையில இருக்கு. நாளைக்குக் கதையை நாளைக்குப் பாப்போம்."

அட, அதே பேச்சு! மாட்டுங்காவில் கேட்டால் குடியை விடச் சொல்கிறது, பாரில் கேட்டால் குடிக்கச் சொல்கிறது என்று மாரீஸ்வரன் அதிசயப்பட்டான்.

ராத்திரி முழுக்க அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை டீ. மறுநாள் சந்து முனையில் ராஜபாண்டி சிவந்த கண்ணோடு நின்றான். "நேத்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லவே" என்றான். "சரக்கு அப்படி" என்றான் மாரீஸ்வரன் பெரிய மனுசத்தனமாக.

அடுத்த சனிக்கிழமை சிக்கல் வீடு திரும்பும் வழியில் வந்தது. நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். மற்ற மூன்று பேரும் தள்ளாடும்போது இவன் மட்டும் நேராக நடக்க முடியுமா? தள்ளாடினான். கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று ஒரு காலைக் கூடுதலாக மடக்கியதில் சாக்கடையில் போய் விழுந்தான். தண்ணீர் பிடிக்க நின்ற மீனாட்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாயில் விழுந்த சேதிக்குத் தபால்தலை தேவையில்லை.

"ஏ கீதா, உம் மாப்பிள்ளை பழையபடி ஆரம்பிச்சுட்டாரே!"

கீதா அவனை வாசலிலேயே நிறுத்தி, கிட்டே வந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சாக்கடை வாசனை வந்ததே தவிர சரக்கு வாசனை வரவில்லை.

"எங்க போயிருந்திய?"

"பூலோகண்ணன் கடையில வேலை பிரிச்சோம். வாரப்ப வழுக்கிட்டு."

பாருக்குப் போனேன், ஆனால் டீ குடிக்கப் போனேன் என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அதனால் அந்தப் பொய். கீதா அதை நம்பி, மீனாட்சியம்மாளிடம் போய், "என் வீட்டுக்காரரைப் பத்தி இனி ஒரு வார்த்தை பேசுனிய, பாத்துக்கிடுங்க" என்று சண்டை போட்டுவிட்டு வந்தாள். அவனுக்காக அவள் போட்ட சண்டை அவனுக்குள் முள்ளாகக் குத்தியது.

மூன்றாவது சனிக்கிழமை ராஜபாண்டி கிட்டே வந்து மோந்தான்.

"என்னவே, உம்மகிட்ட வாசனையே இல்ல?"

"ஏலக்காய் மென்னேன்" என்றான் மாரீஸ்வரன். வியர்த்துவிட்டது. எழுந்து நேராகப் பின்பக்கம் போனான்.

"கண்ணா, ஒரு ஸ்பூன் ரம் குடு. குடிக்க இல்ல, சட்டையில தெளிக்க."

கண்ணா ஸ்பூனில் ஊற்றினான். ஸ்பூனுக்குள் விழுந்ததைவிட வெளியே விழுந்தது அதிகம். மாரீஸ்வரன் தோளில் கொஞ்சம், காலரில் கொஞ்சம், மீதி கைலியில். சமீப காலமாகவே கண்ணா ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். கடலைத் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். பூலோகம் அண்ணனைத் தமிழ்செல்வன் என்று கூப்பிட்டான். விபூதி நெற்றியிலிருந்து ஒரு கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"கண் டாக்டரைப் போய்ப் பாரு கண்ணா. வயசாகுதுல்லா" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு, மணக்க மணக்க மேஜைக்குத் திரும்பினான். ராஜபாண்டி மோந்து பார்த்துவிட்டுத் தன் கிளாஸுக்குத் திரும்பினான். வெற்றி!

அந்த வெற்றி வீட்டு வாசல் வரைக்கும்தான் நீடித்தது.

"ஊதுங்க" என்றாள் கீதா.

ஊதினான்.

"வாயில இல்ல. சட்டையில எப்படி வந்துச்சு?"

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். பாரை, டீயை, ஒத்திகையை. "அத்தனையும் நடிப்பு கீதா, உன் மேல சத்தியமா!"

"நடிப்பா? நீங்க நடிக்கிய, சரி. சட்டையுமா நடிக்குது?"

"மாட்டுங்காவுல கேட்டுப் பாரு!"

அவளே அந்த நம்பருக்குப் போன் போட்டாள். "மாரீஸ்வரன்னு ஒருத்தர் அங்க வாராராங்க?"

"மன்னிக்கணும்மா. யார் வர்றாங்கன்னு நாங்க சொல்றதில்லை. வந்தாலும் சொல்ல மாட்டோம், வராட்டியும் சொல்ல மாட்டோம்."

போனை வைத்தாள். "பாத்தியளா, அவங்களுக்கே உங்களைத் தெரியலை." மாட்டுங்காவும் பொய், பாயசம் வைத்த நான் முட்டாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் கத்தவில்லை. "அக்கா ஊருக்குப் போயிருக்கா. வார சனிக்கிழமை கல்யாணுக்குத் திரும்புதா. அன்னிக்கு நானும் கிளம்புதேன்."

அடுத்த கூட்டத்தில் மாரீஸ்வரன் திருவேங்கடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "சார், ஒரே ஒரு வாட்டி வந்து என் வீட்டம்மாகிட்ட சாட்சி சொல்லுங்க."

"அது முடியாது. இங்க யார் வரா போறான்னு நாங்க வெளியில மூச்சு விடப்படாது. ஆனா உங்களைப் பத்தி நீங்க யார்கிட்ட வேணா சொல்லலாமே! ஒளிஞ்சுண்டு குடிச்சவாளை நிறையப் பாத்திருக்கேன். ஒளிஞ்சுண்டு குடிக்காம இருக்கற முதல் ஆள் நீர்தான் ஐயா. அந்த மூணு பேர்கிட்டயும் போய்ச் சொல்லும். சிரிச்சா சிரிக்கட்டுமே. உமக்கு அவா சிரிப்பு பெரிசா, ஆத்துக்காரி பெரிசா?"

சனிக்கிழமை வந்தது. கீதா காலையிலிருந்தே பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கையால் தைத்த பை. ஜிப் ஒரு இழுப்பில் மூடிக்கொண்டது. நல்ல பையாகத் தைத்துத் தொலைத்தோமே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இரு. அவனுவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு வந்துருதேன்" என்றான்.

அவள் பையைத் தூக்கி வாசல் பக்கம் வைத்தாள்.

பாரில் உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். ஆனால் அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ராஜபாண்டி முந்திக்கொண்டான். "இன்னிக்குப் பால் பாக்கெட்டைப் பாத்தேன்வே. டெய்ரி வாசல்ல நிக்கான்!" மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே சத்தமாக. மாரீஸ்வரனின் கை பழக்கத்தில் கிளாஸை எடுத்தது. முகம் பழக்கத்தில் சுளித்தது.

அந்த நேரம் பார் முழுக்க வாசலைத் திரும்பிப் பார்த்தது. வாசலில் கீதா நின்றாள். தோளில் பை. கல்லாவில் ஷெட்டி எழுந்து, "பெஹன்ஜி, இதர் லேடீஸ்..." என்று, பெண்கள் இங்கே வரக்கூடாதென இந்தியில் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

கீதா நேராக மேஜைக்கு வந்தாள். அவன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள்.

"மனசு கேக்காம, ஒருவேளை நிசமா இருக்குமோன்னு நெனச்சு வந்தேன். கண்ணால பாத்துட்டேன். வாரேன்."

திரும்பினாள். அவ்வளவுதான், போய்விடுவாள் என்று மாரீஸ்வரனுக்குப் புரிந்தது. துள்ளி எழுந்தான், நாற்காலி பின்னால் விழுந்தது. உண்மையைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், மாட்டுங்காவில் கற்றுக்கொண்டது. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பார் அதிரச் சொன்னான்.

"என் பேர் மாரீஸ்வரன். நான் ஒரு குடிநோயாளி!"

"வணக்கம், மாரீஸ்வரன்!"

மூன்று குரல்கள், ஒரே மூச்சில்.

மாரீஸ்வரன் கண்ணைத் திறந்தான். ராஜபாண்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தமிழ்செல்வன் மேஜைக்கு அடியில் எதையோ தேடினான். பூலோகம் அண்ணன் மேலே சுற்றுகிற ஃபேனை இதுவரை பார்த்திராதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீதா திரும்பி வந்தாள். ஒவ்வொரு கிளாஸாக எடுத்து மோந்தாள். மாரீஸ்வரனுடையது டீ. ராஜபாண்டியுடையதும் டீ. தமிழ்செல்வனுடையது ஆப்பிள் ஜூஸ். பூலோகம் அண்ணன் கிளாஸில் இருந்தது வெறும் குழாய்த் தண்ணீர்.

"எ... எந்த ஊருக் கூட்டம்?" என்றான் மாரீஸ்வரன் மெதுவாக.

"பாண்டுப்" என்றார் பூலோகம் அண்ணன், ஃபேனைப் பார்த்தபடியே. "கணபதி கரைச்ச வாரத்துலேர்ந்து போறேன்."

"காட்கோபர்" என்றான் தமிழ்செல்வன் மேஜைக்கு அடியிலிருந்து.

"செம்பூர்" என்றான் ராஜபாண்டி. கண் கலங்கிவிட்டது. "பால் பாக்கெட்டுன்னு பேரு வச்சவனே நான்தானவே. நானே பாலுக்குப் போனா நீங்க என்ன பேரு வைப்பியளோன்னு பயந்துட்டேன். உம்மகிட்ட வாசனை இல்லன்னு கேட்டதுகூட, எங்கிட்ட இல்லன்னு நீரு கண்டுபிடிக்கதுக்கு முன்னால முந்திக்கிடலாம்னுதான்."

"அப்ப அன்னிக்கு சாக்கடையில நான் விழுந்தப்போ?"

"நீ விழுந்ததும் நானும் விழணுமோன்னு யோசிச்சேன்" என்றார் பூலோகம் அண்ணன். "வெள்ளை வேட்டின்னு விட்டுட்டேன்."

அப்போது கீதா கத்தினாள். பாரின் கூரைத் தகடு அதிருகிற மாதிரி கத்தினாள்.

"அட மானங்கெட்டவங்களா! நல்லது பண்ணுததை எவனாவது ஒளிச்சுப் பண்ணுவானா? டீயைக் குடிச்சுட்டு சாக்கடையில விழுந்தியளே, உங்களை எல்லாம் என்ன சொல்ல! பாவம், அந்த மீனாட்சியம்மாகிட்ட நான் சண்டை போட்டேன்! நாளைக்குக் காலையில நாலு பேரும் வேலாயுதம் அண்ணன் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும், ஆமா!"

மாரீஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் கத்தக் கத்த அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. கத்தட்டும், இன்னும் கத்தட்டும். கத்துகிறவள் எங்கேயும் போக மாட்டாள். அவள் தோளிலிருந்த பையை மெதுவாக வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டான். அவள் விட்டுவிட்டாள். பிறகு திட்டிக்கொண்டிருந்தவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஒருத்தருக்கொருத்தர் தெரியாம நாலு ஊரு தேடிப் போயிருக்கிய. இங்கயே நம்ம தாராவியில ஒரு கூட்டம் காலியாக் கிடக்குன்னு நீங்கதான சொன்னிய. நாலு பேரும் சேர்ந்தே போங்க, நாற்காலியாவது நிறையட்டும்." கையைத் தட்டினாள். "ஏ கண்ணா! அஞ்சு டீ கொண்டா. சூடா, பால் ஊத்தி!"

கண்ணா வந்தான். டிரே ஒரு பக்கம் வந்தது, அவன் இன்னொரு பக்கம் வந்தான். இரண்டும் ஒருவழியாக மேஜையருகே சந்தித்துக்கொண்டன. டிரேயைப் பூலோகம் அண்ணன் மடியில் வைத்தான். நால்வரையும் மாறி மாறிப் பார்த்தான். கன்னத்து விபூதி கண்ணீரில் கரைந்து வழிந்தது. பிறகு மாரீஸ்வரன் நின்றதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு, முடிந்த மட்டும் நேராக நின்று சொன்னான்.

"என் பேர் கண்ணா. நாலு அண்ணாச்சியும் காசு குடுத்து வாங்கின சரக்கைக் கீழ ஊத்த மனசு வராம, இத்தனை நாளா நாலு பேரு பங்கையும் நான் ஒருத்தனே குடிச்சேன். அந்தத் தாராவிக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி, தனியாப் போனா வழியில விழுந்துருவேன்!"